மிளகாய் இலை ஏன் சுருள்கிறது?



எங்கள் ஆரணியில் தறியொலி கேட்கும் தெருக்களிலே, வீட்டின் பின்புறம் கையகல நிலம் இருந்தாலும் அங்கே ஒரு மிளகாய்ச் செடி நிற்பதைக் காணலாம். மாசி கழிந்து வெயில் ஏறத் தொடங்கியதும் அச்செடிகள் பலவற்றின் தளிர்கள் சுருண்டு சிறுத்துப் போகும். ‘சுருட்டை விழுந்துவிட்டது’ என்பார்கள். உடனே கடைக்குச் சென்று ஒரு புட்டி மருந்து வாங்கி வந்து தெளிப்பார்கள். அது என்ன மருந்து, எதைக் கொல்வது என்று கேட்பவர் சிலரே.

சுருட்டை என்பது ஒரு தனி நோயன்று. பல கேடுகளுக்குப் பொதுவான ஓர் அறிகுறி. காய்ச்சல் என்றதும் மருத்துவர் மருந்து எழுதிவிடுவதில்லை. மலேரியாவா, டைபாய்டா, வேறு எதுவா என்று ஆராய்கிறார். செடிக்கும் அம்முறையே பொருந்தும்.

முதலில், இலை சுருள்வது எவ்வாறு? பாவின் ஒரு பகுதி இறுகியும் மற்றொரு பகுதி தளர்ந்தும் நின்றால் நெய்த துணி சுருங்கிப் போவதை நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் அறிவீர்கள். இளம் இலையும் அத்தகையதே. அதன் எல்லாப் பகுதிகளும் சீராக வளர்ந்தால் தட்டையாக விரியும். ஒரு பகுதியின் உயிரணுக்கள் சேதமுற்று வளர்ச்சி தடைப்பட, மற்றப் பகுதி வளர்ந்துகொண்டே போனால் இலை கோணலாகும். ஆகவே, இலை எந்தப் பக்கம் வளைந்துள்ளது என்பதே நமக்குக் கிடைக்கும் முதற்சான்று.

நான்கு நிலைகளைப் பிரித்தறியப் பழகுங்கள்.

ஒன்று, வெயில். நண்பகலில் இலை மடங்கி, மாலையில் தானே விரிந்தால் அது நோயன்று. வேர் உறிஞ்சித் தரும் நீரைவிட இலை வழியே வெளியேறும் நீர் மிகுந்ததன் விளைவு அது. காலையில் நீரூற்றி, வேரடியில் சருகு பரப்பினால் போதும்.

இரண்டு, இலைப்பேன். இலையின் ஓரங்கள் மேல்நோக்கி மடங்கிப் படகு போலத் தோன்றும். தளிரை ஒரு கறுப்புத் தாளின் மீது தட்டிப் பாருங்கள். வைக்கோல் நிறத்தில், ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள பூச்சிகள் ஓடும். தென்னாட்டில் திரட்டிய மாதிரிகளைக் கொண்டு 1919-ஆம் ஆண்டிலேயே ஹூட் என்ற அறிஞர் இப்பூச்சிக்கு அறிவியற் பெயரிட்டார்.

மூன்று, சிலந்திப்பேன். இங்கே இலை கீழ்நோக்கி வளைந்து கவிழ்த்த படகு போலாகும், காம்பும் நீளும். இது பூச்சியன்று, எட்டுக் கால்கள் கொண்ட, சிலந்தியின் இனத்தது. உருப்பெருக்கிக் கண்ணாடி இல்லாமல் இதனைக் காண்பது அரிது.

நான்கு, வைரஸ். இலைகள் சிறுத்து, நெருங்கி, மஞ்சளித்து, நரம்பு தடித்துச் செடியே குட்டையாகிவிடும். வெள்ளை ஈ இதனைச் செடிக்குச் செடி கொண்டு செல்கிறது. இதற்கு மருந்தில்லை. அச்செடியைப் பிடுங்கி அழித்து, எஞ்சியவற்றைக் காப்பதே வழி.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெருவில் நெசவாளர் ஒருவர் ஆறு செடிகளுக்கு மூன்று முறை பூச்சிமருந்து அடித்தும் சுருட்டை மிகுந்ததேயன்றிக் குறையவில்லை. மருந்து தெளித்த மறுநாளே அவ்வீட்டார் காய் பறித்துக் குழம்பில் இட்டனர் என்பதை அறிந்து நான் திடுக்கிட்டேன். உருப்பெருக்கியை எடுத்துச் சென்று நானும் அவருடைய மகளும் ஒவ்வொரு செடியாகப் பார்த்தோம். நான்கில் சிலந்திப்பேன், இரண்டில் வைரஸின் அடையாளம். தெளித்த மருந்தோ சிலந்திப்பேனைத் தொடாமல், அதனைத் தின்று வாழும் நன்மை செய்யும் சிற்றுயிர்களைக் கொன்றுவிடும் வகையைச் சேர்ந்தது. பகைவனை விட்டுக் காவலனைக் கொன்றால் பகை பெருகத்தானே செய்யும்?

இரண்டு செடிகளைப் பிடுங்கினோம். மற்றவற்றிற்கு நனையும் கந்தகத் தூளை லிட்டருக்கு 3 கிராம் வீதம் கரைத்து, வெயில் தணிந்தபின் இலையின் அடிப்புறம் நனையத் தெளித்தோம். புதுத் தளிர்கள் நேராக விரிந்தன. சுருண்ட பழைய இலை மீண்டும் நிமிராது. ஆதலின் குணமாயிற்றா என்பதைப் புதிய தளிரைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

இலைப்பேனுக்கு வேப்பங்கொட்டைச் சாறு உதவும். 50 கிராம் பருப்பை இடித்து ஒரு லிட்டர் நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்கலாம். கந்தகத்தையும் வேப்பெண்ணெய் போன்ற எண்ணெய்க் கரைசலையும் அடுத்தடுத்துத் தெளிக்கலாகாது, இலை கருகும்.

இது கொல்லைப்புறத்துச் சிறு செய்தி என்று எண்ணிவிடாதீர்கள். 2015-இல் பெங்களூரில் பப்பாளியில் கண்டறியப்பட்ட அயல்நாட்டு இலைப்பேன் ஒன்று, 2021-இல் ஆந்திரம், தெலங்கானா ஆகிய மாநிலங்களின் மிளகாய் வயல்களில் கட்டுக்கடங்காமற் பெருகிற்று. பூக்கள் உதிர்ந்தன, உழவர் பலர் பெருத்த இழப்புற்றனர். அளவின்றி மருந்து தெளித்ததும் அப்பெருக்கத்திற்கு ஒரு காரணம் என ஆய்வாளர் எடுத்துரைத்தனர். பட்டுப்புழு வளர்ப்போரைக் கேட்டாலும் சொல்வார்கள்: அயலில் அடித்த மருந்து காற்றில் வந்து மல்பெரி இலையிற் படிந்தால், அதைத் தின்னும் புழு மடியும். ஒருவர் தோட்டத்து அவசரம் மற்றொருவர் பிழைப்பைக் கெடுக்கும்.

பள்ளித் தோட்டத்தில் என் மாணவர்க்கு நான் ஒரு விதி வைத்திருந்தேன். சுருண்ட இலையைக் கண்டால் மூன்று நாள், காலையும் மாலையும் பார்த்துக் குறிப்பேட்டில் எழுத வேண்டும்: எப்பக்கம் வளைவு, எந்த வேளையில் மிகுதி, அடிப்புறத்தில் என்ன உள்ளது. அதன் பின்னரே நோயின் பெயரைச் சொல்லலாம். நீங்களும் இன்று மாலை ஒரு செடியின் தளிரைத் திருப்பிப் பாருங்கள். மருந்துப் புட்டியைத் திறக்க வேண்டுமா என்பதை அந்த இலையே உங்களுக்குச் சொல்லும்.