துருப்பிடித்த பழைய கைக்கருவிகளை வீட்டிலேயே செப்பனிடுதல்

ஹல்துமுல்லைப் பகுதியின் நெற்செய்கைக் கமக்காரர்க்கும் மரக்கறிச் செய்கைக் கமக்காரர்க்கும்

மண்வெட்டி துருவேறிவிட்டது என்று அதனை மூலையில் எறிந்துவிட்டுப் புதியது வாங்குவது பெரும்பாலும் தேவையற்ற செலவாகும். 2022ஆம் ஆண்டில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு ஏற்பட்டபோது கடையிலுள்ள பொருள்களின் விலை எவ்வளவு உயர்ந்தது என்பதைக் கமக்காரர்களாகிய நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். வீட்டின் பின்புறத்திலும் லயன் அறைகளின் தாழ்வாரத்திலும் கிடக்கும் மண்வெட்டி, முள்ளு, அரிவாள், கவ்வாத்துக் கத்தி, அலவாங்கு ஆகியவற்றுட் பல இன்னும் நெடுங்காலம் உழைக்கத் தக்கவை. துரு பெரும்பாலும் மேற்றோலையே பிடித்திருக்கும். உள்ளேயிருக்கும் உருக்கு கெடாதிருக்கும். அந்த உருக்கைக் கெடுக்காமல் துருவை மட்டும் நீக்குவது எவ்வாறு என்பதே இத்துண்டுப்பிரசுரத்தின் நோக்கமாகும்.

துரு என்பது யாது?

இரும்பு, நீரும் காற்றும் ஒருங்கே படும்போது துருவாக மாறுகின்றது. துரு இரும்பைவிடக் கூடிய இடத்தை அடைப்பதனால் செதில் செதிலாகப் பெயர்கின்றது. பெயர்ந்த இடத்தில் புது இரும்பு வெளிப்பட, அதுவும் துருவேறுகின்றது. உப்புத்தன்மையுள்ள பொருள்கள் இதனை விரைவுபடுத்தும். ஆகவே உரச் சாக்குகளின் அருகிலும், மாட்டுச் சிறுநீர் படும் தொழுவத்திலும் வைக்கப்படும் கருவிகள் மிக விரைவில் அழிகின்றன.

மண்ணிலிருந்து எடுக்கப்படும் இரும்புத்தாதுவும் துருவைப் போன்ற ஒரு பொருளே. ஹல்துமுல்லைக்கு மேற்கே, பலாங்கொடைக்கு அண்மையிலுள்ள சமனலவெவப் பகுதியின் மலைச்சரிவுகளில், கி.பி. 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரை நம் முன்னோர் தென்மேற்குப் பருவக் காற்றின் வேகத்தைக் கொண்டே உலைகளை எரித்து இரும்பும் உருக்கும் எடுத்தனர். ஆய்வாளர் ஜில் ஜூலெப் அம்முறையை உலை கட்டிச் சோதித்துப் பார்த்து, 1996ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தார். காற்றும் நெருப்பும் அரும்பாடுபட்டுத் தாதுவிலிருந்து பிரித்தெடுத்த இரும்பை, மழையும் கவலையீனமும் மீண்டும் மண்ணாக்குகின்றன. இதனைத் தடுப்பது நம் கையில் உள்ளது.

ஏற்ற காலம்

ஊவாவின் இச்சரிவுகளில் ஆடி, ஆவணி மாதங்களில் வீசும் உலர்ந்த கச்சான் காற்றுக் காலமே இவ்வேலைக்கு உகந்தது. கழுவிய இரும்பு அப்போது விரைவில் உலரும். ஐப்பசி மழை தொடங்கிப் பெரும்போக வேலைகள் நெருங்கிய பின்னர் வரம்பு செதுக்கவும், வடிகான் துப்புரவாக்கவும், பாத்தி அமைக்கவும் கருவிகள் நாள்தோறும் தேவைப்படும். மூடுபனியும் ஈரமும் மிகுந்திருக்கும். எனவே மழைக்கு முன்னரே இவற்றைச் செப்பனிட்டு வைத்தல் வேண்டும்.

எதனைச் செப்பனிடலாம்?

முதலில் பிடியைக் கழற்றி, கருவியைக் கயிற்றில் தொங்கவிட்டுச் சிறு சுத்தியலால் மெல்லத் தட்டுக. ஓசை மணிபோல் தெளிவாக எழுந்தால் கருவி பெரும்பாலும் நன்றாயுள்ளது. ஓசை மங்கிக் கரகரத்தால் எங்கேனும் வெடிப்பு இருக்கலாம்; நன்கு ஆராய்க. பிடி நுழையும் துளையைச் சுற்றி வெடிப்புள்ள மண்வெட்டியை நீங்களே செப்பனிட்டு உபயோகித்தல் ஆகாது. ஓங்கி வெட்டும்போது அது உடைந்து பறந்து, வெட்டுபவரையோ அருகில் நிற்பவரையோ காயப்படுத்தும். அத்தகையதைக் கொல்லரிடம் காட்டுக. துரு அலகை ஊடுருவித் துளையிட்டிருப்பின் அதனைப் பழைய இரும்புக்குக் கொடுத்துவிடலாம்.

துருவை நீக்கும் முறை

1. கருவியைச் சவர்க்கார நீரில் கழுவி மண்ணையும் எண்ணெய்ப் பிசுக்கையும் போக்குக. பிசுக்கு இருந்தால் பின்னர் இடும் புளிப்பு இரும்பிற் படாது.

2. தளர்ந்த துருவைக் கம்பித் தூரிகையாலோ, செங்கல் துண்டாலோ, ஈர மணல் தொட்ட தேங்காய் மட்டையாலோ தேய்த்து எடுக்கவும். இலேசான துருவுக்கு இதுவே போதும். துருத்தூள் கண்ணிற் படாதவாறும் மூச்சில் ஏறாதவாறும் கண்ணாடி அணிந்து, மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்க.

3. தடித்த துருவுக்குக் கருவியைப் புளிப்பில் ஊறவைத்தல் வேண்டும். கடையில் மலிவாகக் கிடைக்கும் வினாகிரியை நீர் கலவாது பிளாத்திக்கு வாளியில் ஊற்றி, இரும்பு முழுவதும் மூழ்குமாறு வைக்கவும். வினாகிரி இல்லாதவர்கள் பழம்புளியைத் தடிப்பாகக் கரைத்து உபயோகிக்கலாம். அது சற்று மெதுவாக வேலை செய்யும். அலுமினியப் பாத்திரமும் நாகம் பூசிய வாளியும் ஆகா. புளிப்பு அவற்றையும் அரித்துவிடும்.

4. பன்னிரண்டு மணி நேரத்தின் பின்னர் எடுத்துத் தேய்த்துப் பார்க்கவும். துரு எஞ்சியிருப்பின் மேலும் பன்னிரண்டு மணி நேரம் வைக்கலாம். நாட்கணக்கில் மறந்து விட்டுவிடாதீர்கள். துரு தீர்ந்தபின் புளிப்பு நல்ல இரும்பையும், முதலில் மெல்லிய வாயையும், தின்னத் தொடங்கும். மோட்டார் வாகன பற்றறியின் அமிலத்தை ஒருபோதும் உபயோகிக்க வேண்டாம். அது தோலையும் கண்ணையும் எரித்துவிடும்.

5. ஊறிய கருவியை நீரில் கழுவி, ஓர் இலீற்றர் நீரில் இரண்டு மேசைக்கரண்டி அப்பச் சோடா கரைத்து அதில் சில நிமிடம் தோய்த்தெடுக்கவும். இதனால் எஞ்சிய புளிப்பு முறியும். மீண்டும் நல்ல நீரில் கழுவி, உடனே துணியால் துடைத்து வெயிலில் காயவிடுக. துப்புரவான ஈர இரும்பில் சில நிமிடத்திலேயே செந்நிறத் துரு படரும். ஆகவே உலர்ந்ததும் தாமதியாது எண்ணெய் தடவவும்.

நெருப்பில் இடாதீர்கள்

துருவை எரிப்பதற்காகவும், துளையில் இறுகிய பிடித்துண்டை எரித்து எடுப்பதற்காகவும் கருவியை அடுப்பில் இடும் வழக்கம் சிலரிடம் உண்டு. இது பெரும் நட்டத்தைத் தரும். நல்ல கருவியின் வாய், பழுக்கக் காய்ச்சி நீரிலோ எண்ணெயிலோ தோய்த்துக் கடினமாக்கப்பட்டது. இதனைக் கொல்லர் தோய்ச்சல் என்பர். மீண்டும் அதிக சூடு ஏறினால் அக்கடினம் போய்விடும். அதன்பின் எவ்வளவு தீட்டினாலும் கூர் நிலைக்காது.

மின்சாரச் சாணையிலும் இவ்வபாயம் உண்டு. உருக்கு ஏறத்தாழ 230 பாகை செல்சியசில் வைக்கோல் நிறமும், 300 பாகையளவில் நீலநிறமும் கொள்ளும். வாய் நீலமாயின் தோய்ச்சல் கெட்டுவிட்டது என்று அறிக. ஆகையால் சிறிது சிறிதாகத் தீட்டி, அடிக்கடி நீரில் தோய்த்துக்கொள்ள வேண்டும். கையால் அரம் போடுவதே பாதுகாப்பானது. இறுகிய பிடித்துண்டை ஆணியாலும் சுத்தியலாலும் தட்டி எடுக்கவும்.

கூராக்குதல்

கருவியை மரக்கட்டையில் அசையாது பொருத்திக்கொள்க. அரத்தை முன்னோக்கித் தள்ளும்போது மட்டும் அழுத்தவும், மீட்கும்போது தூக்கிக்கொள்ளவும். இழுக்கும்போதும் அழுத்தினால் அரத்தின் பற்கள் மழுங்கும். சரிவு முன்பு எந்தப் பக்கத்தில் இருந்ததோ அப்பக்கத்திலேயே அரம் போடுக. மண்ணும் கல்லும் படும் மண்வெட்டிக்கு ஏறத்தாழ 40 பாகைச் சரிவு பொருத்தமானது. இதைவிட மெல்லிதாக்கினால் கல் பட்டு வாய் மடங்கும். கத்திக்கு 20 முதல் 25 பாகை வரை போதும். அதனைக் கடைசியாகச் சாணைக்கல்லில் நீர் விட்டுத் தீட்டவும். பல்லரிவாளின் பற்கள் உள்ள பக்கத்தில் அரம் போடாதீர்கள். மறுபக்கத்தை மட்டும் கல்லில் இலேசாகத் தீட்டலாம். பல் தேய்ந்ததைக் கொல்லரே வெட்டித் தரவேண்டும்.

கூர்மையான மண்வெட்டி புல்லை வேரின் கழுத்தில் அறுத்துச் செல்லும். மழுங்கியதோ மண்ணையும் சேர்த்துக் கிளறும். சரிவான தோட்டத்தில் அம்மண் அடுத்த மழையோடு ஆற்றுக்குப் போய்விடும். ஆகவே கூர் உழைப்பை மட்டுமன்றி மேல்மண்ணையும் காக்கும்.

பிடி

நேரான இழையுடைய, முடிச்சில்லாத கொய்யா முதலிய வலிய மரக்கொம்பை நிழலில் நன்கு உலர்த்திப் பிடியாக்குக. பச்சை மரம் பின்னர் சுருங்கித் தளரும். தளர்ந்த பிடியை நீரில் ஊறவைத்து இறுக்குவது ஒரு நாளைக்கே உதவும். உலர்ந்ததும் முன்னிலும் அதிகமாகத் தளர்ந்துவிடும். உலர்ந்த மரத்தாலான ஆப்பு அடித்து இறுக்குவதே முறை. வேலைக்குப் புறப்படுமுன் நாள்தோறும் பிடியை ஆட்டிப் பார்த்துக்கொள்க.

பேணுதல்

வேலை முடிந்ததும் மண்ணைச் சுரண்டிக் கழுவித் துடைத்து, எண்ணெய்த் துணியால் ஒருமுறை தடவுங்கள். மரக்கறி அறுக்கும் கத்திக்குத் தேங்காயெண்ணெயே ஏற்றது. பழைய எஞ்சின் எண்ணெய் தோலுக்குத் தீங்கானது. அதனைக் கையாளாதிருத்தல் நன்று. கருவிகளை நிலத்தில் சாய்த்து வையாது, காற்றோட்டமுள்ள சுவரில், சிறுவர்க்கு எட்டாத உயரத்தில் தொங்கவிடுக. உரமும் பூச்சிநாசினியும் வேறிடத்தில் இருக்கட்டும்.

காயம் பட்டால்

ஏற்புவலி நோய் துருவினால் உண்டாவதன்று. மண்ணிலும் சாணத்திலும் வாழும் கிருமி, காயத்தின் வழியே உடம்பிற் புகுந்து அதனை உண்டாக்கும். துப்புரவான கருவியால் ஏற்பட்ட காயமும் மண் பட்டால் ஆபத்தே. எனவே காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் சென்று ஏற்புவலித் தடுப்பூசி வேண்டுமா என்று கேட்டறிக. சாணமோ கோப்பித்தூளோ காயத்தில் இடவேண்டாம்.

கமக்காரர்களே! இவ்வாண்டு கச்சான் காற்று வீசும்போதே, மூலையிற் கிடக்கும் ஒரு மண்வெட்டியை எடுத்துத் தட்டிப் பாருங்கள். மணியோசை எழுந்தால், ஒரு போத்தல் வினாகிரியும், ஓர் அரமும், ஒரு நாள் பொறுமையும் அதனை மீண்டும் வயலுக்கு அனுப்பப் போதுமானவை.