தொடர்கதையில் புகுந்த விளம்பரம்

போளூர் ரயில் நிலையத்தில் ஒரு பாட்டியம்மாளைச் சந்தித்தேன். ஜவ்வாது மலையடிவாரத்திலிருந்து பேரனுடன் வந்து, வேலூர் வண்டிக்காகக் காத்திருந்தார். முகம் வெளுத்திருந்தது, நாலடி நடந்தால் மூச்சு வாங்கிற்று.

"மொருங்கக் கீரை தின்னாத நாளில்ல, கண்ணு. இரும்பு மாத்திரையும் டப்பா டப்பாவா முழுங்கியாச்சு. ரத்தம் ஊறவே மாட்டேங்குது!" என்றார்.

எல்லாச் சோகையும் இரும்புக் குறைவால் வருவதல்ல. முதியவர்களுக்கு வரும் ஒரு வகையில், எலும்பு மஜ்ஜையில் இரும்பு வேண்டிய மட்டும் கிடக்கும்; அணுக்களுக்குத்தான் அதைப் பயன்படுத்தத் தெரியாது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், இளம் சிவப்பணுவின் கருவைச் சுற்றி இரும்புத் துகள்கள் மோதிரம் போட்டாற்போல் நிற்கும். சிலருக்கு இது ரத்தப் புற்றுநோயாகவே முற்றிவிடுவதும் உண்டு.

காரணம்? வாரப் பத்திரிகையிலிருந்து தொடர்கதையைக் கிழித்து, நடுவே வரும் தைல விளம்பரங்களை நீக்கி பைண்டு செய்து வைக்கிறீர்கள் அல்லவா? நம் செல்களும் அதைத்தான் செய்கின்றன. ஜீனிலிருந்து ஆர்.என்.ஏ. என்ற நகல் எடுக்கும்போது வேண்டாத பகுதிகளும் கூடவே வரும். அவற்றை வெட்டி எறிந்து, மிச்சத்தை ஒட்டினால்தான் புரதம் சரியாக உருவாகும். 1977-ல் இதைக் கண்டறிந்த பிலிப் ஷார்ப், ரிச்சர்ட் ராபர்ட்ஸ் இருவரும் 1993-ல் நோபல் பரிசு பெற்றார்கள்.

பைண்டு செய்கிறவருக்கே கண் மங்கினால்? கதாநாயகி அழும் இடத்தில் தைல விளம்பரம் நாலு வரி புகுந்துவிடும்! மோதிர அணுக்கள் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு, வெட்டி ஒட்டும் கருவியைச் சேர்ந்த எஸ்.எஃப்.3.பி.1 என்ற ஜீனில் பிழை இருப்பதை 2011-ல் கண்டார்கள். இது பரம்பரையாக வருவதல்ல. வயதான பின் மஜ்ஜையில் நேர்வது. ஆகவே, பேத்திக்குச் சம்பந்தம் பேசுகிறவர்கள் கலங்க வேண்டாம்.

வினோதம் என்னவென்றால், இந்தப் பிழை உள்ளவர்களுக்குப் புற்றுநோயாக முற்றும் அபாயம் குறைவு. அதே வேலையைச் செய்யும் எஸ்.ஆர்.எஸ்.எஃப்.2 என்ற ஜீன் பிசகினாலோ அபாயம் அதிகம். எது பிசகிற்று என்று சோதித்து அறிவது அதனால்தான் முக்கியம்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1986 முதல் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை நடக்கிறது. ஆனால் தள்ளாத வயதில் அதைத் தாங்குவது கடினம். லஸ்பாட்டர்செப்ட் என்ற ஊசி மருந்தை இந்தச் சோகைக்கு 2020-ல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். விலையைக் கேட்டால் நமக்கே சோகை பிடித்துவிடும்!

மாதக் கணக்கில் இரும்பு மாத்திரை சாப்பிட்டும் ரத்தம் ஏறவில்லையென்றால், மேலும் ஒரு டப்பா வாங்குமுன், உடம்பில் இரும்பு எவ்வளவு இருக்கிறதென்று சோதிக்கும்படி டாக்டரைக் கேளுங்கள். தேவையில்லாத இரும்பு சேர்ந்தால் ஈரலுக்கும் இருதயத்துக்கும் கெடுதல்.

வண்டி வந்துவிட்டது. பாட்டியம்மாளைப் பேரன் கைத்தாங்கலாக ஏற்றிவிட்டு, மாத்திரைப் பையை எடுக்கத் திரும்ப ஓடி வந்தான்.