பழனிக்கு நடக்கும் கால்கள்

தைப்பூசத்துக்குப் பழனி போகும் கூட்டத்தில் யாரையாவது நிறுத்தி, "அண்ணே, மார்கழியில எவ்வளவு தூரம் நடந்தீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். பலரிடமிருந்து சிரிப்புதான் பதிலாக வரும். காரைக்குடியில் தெருமுனை மளிகைக் கடைக்கு ஸ்கூட்டி, பால் வாங்க ஸ்கூட்டி, கொப்புடையம்மன் கோயிலுக்கும் ஸ்கூட்டி. அதே ஆள் குன்றக்குடி சண்முகநாதரைக் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினால் சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று 150 கிலோமீட்டருக்கு மேல் வெறுங்காலில் நடந்து பழனியில் போய் நிற்கிறார். கொப்புளம் வந்தால் துணியைச் சுற்றிக்கொண்டு நடக்கிறார். "கால் வலிக்குதா?" என்று கேட்டால் "அரோகரா" என்கிறார்.

செட்டிநாட்டு நகரத்தார் காவடிக்கு நானூறு ஆண்டுக்கு மேற்பட்ட மரபு உண்டு. நெற்குப்பைக் குமரப்பர் உப்பு வணிகத்துக்காகப் பழனிக்குப் போனதில் இது தொடங்கியது என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். பாதயாத்திரை போகும் மற்றவர்கள் சாமி கும்பிட்டதும் பேருந்து பிடித்து ஊர் திரும்பிவிடுவது வழக்கம். நகரத்தார் காவடி போகும்போது மட்டுமல்ல, திரும்பும்போதும் நடந்தேதான் வரும்.

ஆக இந்த மண்ணில் கால் பலத்துக்கும் குறைவில்லை, மன உறுதிக்கும் குறைவில்லை. பிறகு ஏன் மாசி பிறந்ததும் அதே கால்கள் வண்டிச் சாவியைத் தேடுகின்றன? சோம்பேறித்தனம் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. யாத்திரை நாட்களில் இருப்பதும் மற்ற நாட்களில் இல்லாததும் ஒன்றுதான்: ஏற்பாடு.

எந்த நாள் கிளம்புவது என்று யாத்ரீகர் யோசிப்பதில்லை. அது வழக்கப்படி முன்பே முடிவானது. எங்கே தங்குவது, எங்கே சாப்பிடுவது, எத்தனை மணிக்கு எழுவது எல்லாம் கூட்டத்தின் பொறுப்பு. பக்கத்தில் நடக்கும் பங்காளி வேகம் குறைத்தால் இவரும் குறைக்கிறார், அவர் எழுந்தால் இவரும் எழுகிறார். வேண்டுதலைத் தெருவுக்கே சொல்லியாயிற்று. பாதியில் திரும்பினால் எந்த முகத்தோடு வீட்டுக்குள் நுழைவது? தினமும் காலையில் "இன்னைக்கு நடக்கலாமா, வேண்டாமா" என்று மனசுக்குள் நடக்கும் பஞ்சாயத்துக்கு அங்கே இடமே இல்லை. வீட்டில் நாம் தோற்பது அந்தப் பஞ்சாயத்தில்தான்.

பழக்கம் எப்படி ஒட்டிக்கொள்கிறது என்று லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி என்பவரும் அவர் குழுவினரும் 96 பேரிடம் ஆராய்ந்து 2010-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரு செயல் யோசிக்காமல் தானாக நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாளே போதுமானதாக இருந்தது. சிலருக்கு 254 நாள் வரை ஆகும் என்று கணக்கு காட்டியது. காலைச் சாப்பாடு முடிந்ததும், இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் என்று ஏற்கெனவே நடக்கிற ஒன்றின் வாலில் புதியதைக் கட்டிவிடுவதுதான் முறை. அந்த ஆய்வில் எனக்குப் பிடித்தது இன்னொரு செய்தி: நடுவே ஒரு நாள் விட்டுப்போனால் பெரிய பாதகம் இல்லை. "நேத்து விட்டுப்போச்சு, இனிமே எங்கே" என்று ஷூவைப் பரணில் ஏற்றிவிடும் நம்மவர்கள் இதைச் சுவரில் எழுதி ஒட்டிக்கொள்ளலாம்.

66 நாள் என்பது ஒரு மண்டலத்தைவிட அதிகம். பழனி யாத்திரையோ, விரத நாட்களைச் சேர்த்தால்கூட, பலருக்கு அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. வேரூன்றும் நேரத்தில் செடியைப் பிடுங்கிவிடுகிறோம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை நடப்பது பக்திக்குச் சரி, உடம்புக்கு அது மட்டும் போதாது. உலக சுகாதார நிறுவனம் கேட்பது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உழைப்பு. அதோடு வாரம் இரண்டு நாள் தசைகளுக்குப் பயிற்சி. பழனிக்கு நடந்த கணக்கைக் காட்டி பங்குனியில் விலக்குக் கேட்க முடியாது. வழிநெடுக அன்னதானப் பந்தல்களில் பொங்கலும் கேசரியும் டீயுமாக உள்ளே போனதைச் சேர்த்தால், நடந்து போய் எடை கூடி வந்தவர்களும் உண்டு. கோபித்துக்கொள்ள வேண்டாம், கொடுப்பவர்கள் அன்பாகத்தான் கொடுக்கிறார்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நாள்பட்ட சர்க்கரையில் பாதத்தின் உணர்ச்சி மங்கிவிடும். முள் குத்தினாலும் தார்ச்சாலை சுட்டாலும் தெரியாது. அப்படிப்பட்டவர்கள் வெறுங்கால் நடைக்கும், மாத்திரையோ இன்சுலினோ போட்டுக்கொண்டு இருக்கும் உபவாசத்துக்கும் முன்னால் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். அவர்களுக்காக முருகன் செருப்பை அனுமதிப்பான்.

சாப்பாட்டுக்கு வருவோம். செட்டிநாட்டுச் சமையல் என்றால் எண்ணெய் மிதக்கும் கோழியும் கண்ணில் தண்ணீர் வரவைக்கும் காரமும் என்று வெளியூரில் நினைக்கிறார்கள். நெடுஞ்சாலை ஓட்டல்களின் கைங்கரியம் அது. ஆச்சிமார் வீட்டுச் சமையல் வேறு. அரிசி களைந்த தண்ணீரில் புளி கரைத்து வைக்கும் வெண்டைக்காய் மண்டி, இட்லிக்குக் கத்திரிக்காய் கோசமல்லி, பருப்பு போட்ட இளங்குழம்பு, கீரை மசியல், வாழைப்பூவில் ஒன்று, சௌசௌவில் ஒன்று. விருந்து இலையில்கூட அரிசிச் சோற்றைச் சுற்றிக் காய்கள்தான் அதிகம் உட்கார்ந்திருக்கும். கெட்டுப்போனது சமையல் இல்லை, நாள்காட்டி.

உளுந்தையும் பாசிப்பருப்பையும் அரிசியையும் வறுத்துத் திரித்து, கருப்பட்டியும் நெய்யும் ஊற்றிக் கிளறும் கும்மாயம் ஆடிக்கு உரியது. அதனால்தான் அதற்கு ஆடிக்கும்மாயம் என்றே பெயர். கந்தரப்பம் கல்யாணத்துக்கும் தீபாவளிக்கும். மாவுருண்டை, சீப்புச் சீடை, தேன்குழல், அதிரசம் எல்லாம் விசேஷ வீட்டுப் பலகாரங்கள். இன்று காரைக்குடிப் பலகாரக் கடைகளில் அவை பன்னிரண்டு மாதமும் பாக்கெட்டில் கிடைக்கின்றன. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் கூரியரில் போகின்றன. தொழிலாக அது பல குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் காலத்தில் அதிரசத்துக்கு மாவு இடிக்க உரலும் உலக்கையும் வேண்டும், இடிக்க ஆள் வேண்டும், அரை நாள் வேண்டும். எத்தனை அதிரசம் தின்னலாம் என்பதை உலக்கை முடிவு செய்தது. இப்போது கத்தரிக்கோல் முடிவு செய்கிறது.

உலக்கைக் காலம் திரும்பட்டும் என்று நான் சொல்லவில்லை. இடித்ததும் அரைத்ததும் ஊருணியில் தண்ணீர் எடுத்து வந்ததும் பெண்களும் வேலைக்காரர்களும்தான். கணக்குப்பிள்ளையோடு முகப்பில் உட்கார்ந்திருந்த முதலாளியின் உடம்பில் ஒரு துளி வியர்வை கிடையாது. சர்க்கரை நோய்க்குப் பணக்கார வியாதி என்ற பெயர் சும்மா வரவில்லை. வேறுபாடு, அன்று சில வீடுகளுக்கு இருந்த உட்கார்ந்த வாழ்க்கை இன்று எல்லா வீட்டுக்கும் வந்துவிட்டதுதான். தமிழ்நாடு உட்பட நான்கு பகுதிகளில் எடுத்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக (ஐசிஎம்ஆர்) ஆய்வு 2014-இல் வெளியானபோது, பாதிக்கு மேற்பட்டவர்களுக்குப் போதிய உடலுழைப்பு இல்லை என்று தெரிந்தது. ஓய்வு நேரத்தில் விளையாட்டு, உடற்பயிற்சி என்று எதையாவது செய்பவர்கள் பத்துப் பேரில் ஒருவர்கூட இல்லை. அதே ஆய்வின் தொடர்ச்சியாக 2023-இல் வந்த நாடு தழுவிய கணக்குப்படி சர்க்கரை நோயாளிகள் 10 கோடிப் பேருக்கு மேல்.

கவுனி அரிசி பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். பர்மாவுக்கு வட்டித்தொழிலுக்குப் போனவர்களோடு செட்டிநாட்டுக்கு வந்த கறுப்பரிசி அது. தீட்டாத அரிசி, நார்ச்சத்து உண்டு, நல்லதுதான். ஆனால் நம் வீட்டில் அதை எப்படிச் சாப்பிடுகிறோம்? வேகவைத்து, சர்க்கரை கொட்டி, நெய் விட்டு, தேங்காய் துருவிப் போட்டு. அதற்குப் பிறகு அது இனிப்பு. "டாக்டர் கறுப்பரிசி சாப்பிடச் சொன்னாரே" என்று இரண்டாவது கிண்ணம் வாங்கினால் கவுனி பொறுப்பல்ல.

குமரப்பர் கொண்டுபோன உப்புக்கும் ஒரு வார்த்தை. நாளொன்றுக்கு எல்லாம் சேர்த்து 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், உப்பு இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. மோர்மிளகாய், வத்தல், அப்பளம், மாவடு நான்கும் ஒரே இலையில் வந்தால் குழம்பு வருவதற்கு முன்பே பெரும்பகுதி தீர்ந்துவிடும். ஒரு வேளைக்கு ஒன்று போதும்.

மருந்துக்கு முன்னால் பழக்கம் வேலை செய்யுமா என்ற சந்தேகத்துக்குச் சென்னையிலேயே விடை இருக்கிறது. டாக்டர் ஏ. ராமச்சந்திரனும் குழுவினரும் சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரைச் சில ஆண்டுகள் கவனித்து 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கம்போல் விடப்பட்டவர்களில் மூன்றாண்டுக்குள் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. தினமும் அரை மணி வேகநடை, தீட்டிய தானியமும் எண்ணெயும் சர்க்கரையும் குறைத்த சாப்பாடு என்று வழிகாட்டப்பட்டவர்களில் அது 39 சதவீதமாகக் குறைந்தது. இதில் பலர் கவனிக்காத சங்கதி, பழக்கத்தை மாற்றியவர்களின் சராசரி எடை அப்படியொன்றும் குறையவில்லை. எடை அப்படியே நின்றபோதும் உள்ளே நல்லது நடந்திருக்கிறது. நடக்கத் தொடங்கிய பத்தாம் நாள் எடை மெஷினில் ஏறி, முள் அசையவில்லை என்று மனம் உடைகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். நடப்பதும் எடை பார்ப்பதும் தனித்தனி வேலைகள்.

அதே சென்னையில் ஏசியாட் காலனி என்று ஒரு குடியிருப்பு. டாக்டர் வி. மோகனின் குழு அங்கே விழிப்புணர்வுக் கூட்டங்கள் நடத்தியது. குடியிருப்பவர்கள் கேட்டுவிட்டுக் கலைந்துபோகவில்லை. தங்கள் பணத்தைப் போட்டு நடக்க ஒரு பூங்கா கட்டினார்கள். தவறாமல் உடற்பயிற்சி செய்பவர்கள் 14.2 சதவீதத்திலிருந்து 58.7 சதவீதமாக உயர்ந்தார்கள். கூட்டங்கள் நடந்தன, சரி. ஆனால் வாசலைத் தாண்டினால் நடக்க இடமும், நடப்பவர்கள் முகமும் கண்ணில் பட்டதுதான் பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன். தமிழக அரசு 2023 நவம்பர் 4 அன்று தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் மாவட்டத்துக்கு ஒன்றாக 8 கிலோமீட்டர் நடைபாதை குறித்தார்கள். நல்ல காரியம். ஆனால் எட்டுக் கிலோமீட்டரைப் பார்த்தே பயந்துவிடுகிறவருக்கு, சொந்தத் தெருவில் எண்ணூறு மீட்டருக்கு விளக்கும், குழியில்லாத ஓரமும், விரட்டாத நாயும் கிடைத்தால் அது பெரிது.

காரைக்குடிக்கு இது கஷ்டமான காரியம் இல்லை. அழகப்பச் செட்டியார் உருவாக்கிய கல்விக் கூடங்களின் அகலமான சாலைகளும் மரநிழலும் காலை நடைக்குப் பேர்போனவை. செட்டிநாட்டு வீடுகளே நடைபாதைகள்தான். ஒரு தெருவில் தலைவாசல், அடுத்த தெருவில் கொல்லைவாசல். முகப்பிலிருந்து நடுமுற்றமான வளவைக் கடந்து இரண்டாம் கட்டு, அடுப்படி என்று போய் வந்தாலே நடைதான். மழை நாளில் வளவைச் சுற்றியே கால் மணி நேரம் நடக்கலாம். ஆத்தங்குடித் தரையில் பந்தி போட்டுச் சப்பணமிட்டுச் சாப்பிட்ட காலத்தில், எழுபது வயதுப் பாட்டி கையூன்றாமல் எழுந்தார். பிரேசிலில் 51 முதல் 80 வயது வரையிலான 2002 பேரைத் தரையில் உட்காரவும் எழவும் சொல்லி மதிப்பெண் போட்டார்கள். கை, முழங்கால் ஊன்றாமல் எழ முடியாதவர்களே அடுத்த சில ஆண்டுகளில் அதிகம் இறந்தார்கள் என்று 2012-இல் வெளியிட்டார்கள். முழங்கால் மூட்டு ஒத்துழைக்கும் வயதிலேயே ஒரு வேளையாவது தரையில் உட்கார்ந்து சாப்பிடும் பழக்கத்தை விடாமல் வைத்துக்கொள்வது நல்லது. மூட்டு தேய்ந்தவர்கள் வீம்புக்கு முயல வேண்டாம், நாற்காலியிலிருந்து கைப்பிடி தொடாமல் பத்து முறை எழுந்து உட்காரட்டும்.

உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் கடல் தாண்டியும் போய்விட, அறுபது பேர் புழங்கிய வீட்டில் இப்போது பெரியவரும் ஆச்சியும் மட்டும். "ரெண்டு பேருக்கு என்னத்த காய் நறுக்குறது" என்று மெஸ்ஸிலிருந்து சாப்பாடு வருகிறது, இரவுக்குப் பரோட்டா. பேச ஆள் இல்லை, நடக்கவும் துணை இல்லை. இவர்களிடம் புத்தகம் நீட்டி "தினமும் ஐந்து வகைக் காய்" என்று சொல்வதில் பயனில்லை.

அதற்குப் பதில், இரண்டு வீட்டு ஆச்சிமார் முறை வைத்துக்கொள்ளலாம். திங்கள், புதன், வெள்ளி இந்த வீட்டில் கூட்டும் கீரையும் கூடுதலாக. செவ்வாய், வியாழன், சனி அந்த வீட்டில். கிண்ணத்தை வண்டியில் அனுப்பாமல் கையில் எடுத்துக்கொண்டு நடந்து கொடுக்க வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. காலை ஆறு மணிக்கு வாசல் தெளித்துக் கோலம் போட்டதும், ஒருவர் இன்னொருவர் வீட்டு முகப்பில் நின்று குரல் கொடுக்க வேண்டும்: "ஆச்சி, கிளம்பியாச்சா?" குரல் கேட்டபின் படுத்திருப்பது கடினம். பெரியவர்கள் இருவரும் அதே நேரத்தில் பிள்ளையார் கோயில் வரை போய் வரலாம். வழியில் டீக்கடை வந்தால் சர்க்கரை இல்லாமல் சொல்வது என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளட்டும். வெளிநாட்டிலிருந்து ஞாயிற்றுக்கிழமை அழைக்கும் மகன், மாத்திரை போட்டீர்களா என்பதோடு, "இந்த வாரம் அந்த வீட்டு ஐயாவோட எத்தனை நாள் போனீங்க?" என்றும் கேட்கலாம். நான்கு நாள் என்று பதில் வந்தால் மிச்சம் மூன்று நாளைப் பற்றிக் கேட்காமல் விட்டுவிடுவது நல்லது.