தெமோதரைச் சுரங்கத்துக்குள் ஒரு கணக்கு

சாரதியில்லாத வாகனம் சுரங்கத்துக்குள் நுழைந்தால் ஜிபிஎஸ் அறுந்துவிடுமே, பிறகு எப்படி வழி தெரியும் என்று ஹாலி-எலயிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். விடை சொல்ல நம் தெமோதரையைவிடப் பொருத்தமான இடமில்லை.

1924இல் பதுளையை எட்டிய ரயில் பாதை, தெமோதரை ஸ்டேஷனைத் தாண்டி மலையைச் சுற்றி இறங்கி, அதே ஸ்டேஷனுக்கு அடியிலுள்ள சுரங்கத்தில் நுழைகிறது. மேலும் கீழும் அகலக்கோடு, நெடுங்கோடு ஒன்றே, உயரம்தான் வேறு. உள்ளே ஜிபிஎஸ் செய்மதியின் சமிக்ஞையும் எட்டாது.

அங்கே கைகொடுப்பவை வண்டிக்குள் இருக்கும் உணரிகள். முடுக்கமானி வேக மாற்றத்தையும், கைரோ திரும்பும் வேகத்தையும் ஓயாமல் அளக்கும். அவற்றைக் கூட்டிக்கொண்டே போனால் இருக்குமிடம் கிடைக்கும். ஆனால் பிழையும் சேர்ந்தே வளரும். முடுக்கத்தில் வினாடிக்கு வினாடி ஒரு சென்டிமீட்டர் பிசகினால், 10 வினாடியில் அரை மீட்டர், ஒரு நிமிடத்தில் 18 மீட்டர் விலகல். நம் மலைப்பாதையில் அரை மீட்டருக்கு அப்பால் பள்ளம்.

பனிமூட்டத்தில் குறுக்குப் பாதையில் இறங்கும்போது காலடியையும் திருப்பங்களையும் நம்பித்தான் நடப்போம். பனி விலகி தேயிலை ஸ்டோர் கூரை தெரிந்ததும் திசையைத் திருத்திக்கொள்வோம். செய்மதி செய்வதும் அந்தக் கூரையின் வேலைதான்.

என்னை மிகவும் வியக்கவைப்பது, ருடால்ஃப் கால்மன் 1960இல் வெளியிட்டு, அப்பல்லோ விண்கலங்களிலும் பயன்பட்ட கணக்குமுறை. அது செய்மதி, உணரி இரண்டின் அளவுகளுக்கும் வெறும் சராசரி பார்ப்பதில்லை. எதை எந்த நேரத்தில் எவ்வளவு நம்பலாம் என்று எடைபோடுகிறது. வானம் தெரியும்போதே, செய்மதியோடு ஒப்பிட்டு உணரியின் வழக்கமான பிசகு எவ்வளவென்று கற்றுவைக்கிறது. சுரங்கத்துக்குள் அதைக் கழித்துக்கொண்டு ஓடுகிறது. வெளியே, பாறையில் பட்டுத் தெறித்த சமிக்ஞை வண்டியைத் திடீரென 20 மீட்டர் தள்ளிக் காட்டினால், 'அப்படி எதுவும் நகரவில்லை' என்று உணரிகள் சொல்வதை வைத்து அதை ஒதுக்கவும் முடியும். கெமராவும் சக்கரச் சுழற்சியும் கூடத் துணைக்கு வரும்.

ஆனால் இருக்குமிடம் தெரிந்தால் மட்டும் போதாது, போகும் பாதை வரைபடத்தில் இருக்க வேண்டும். நம் தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளர் வாழும் பல லயங்களுக்குத் தனி முகவரி கிடையாது. கடிதம்கூடப் பெரும்பாலும் தோட்ட அலுவலகத்துக்கே வருகிறது. அம்புலன்ஸை அழைத்தால் எந்த டிவிஷன், கோயிலுக்கு மேலா கீழா என்று வாயால் வழிசொல்லிக்கொண்டிருக்கிறோம். 20,200 கிலோமீட்டர் உயரத்திலுள்ள செய்மதிகளை வைத்து நாம் இருக்குமிடத்தைக் கண்டுபிடித்துவிடலாம். தோட்டப் பாதைகளைத்தான் யாரும் முழுமையாக வரைந்து வைக்கவில்லை. இதைப் புறக்கணிப்பு என்றே சொல்வேன். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் எவரும் பாதை வரையலாம். கைபேசி வைத்திருக்கும் உயர்தர மாணவர்கள் தங்கள் டிவிஷன் பாதைகளையும் லயங்களின் இலக்கங்களையும் அதில் குறிக்கலாம்; பிரதேச சபைகள் அந்த இலக்கங்களை முகவரியாக ஏற்றுப் பலகை நட வேண்டும்.