டார்க் சைட் ஆஃப் த ரிங்

டார்க் சைட் ஆஃப் த ரிங் என்பது தொழில்முறை மற்போர் வீரர்களின் வாழ்க்கையையும் அத்துறையில் நிகழ்ந்த துயரங்களையும் ஆராயும் ஆவணத் தொலைக்காட்சித் தொடர் ஆகும். 'மற்போர் மேடையின் இருண்ட பக்கம்' என்பது தலைப்பின் பொருள். இவான் ஹஸ்னி, கனடிய இயக்குநர் ஜேசன் ஐசனர் ஆகிய இருவரும் இத்தொடரை உருவாக்கினர். முதல் பகுதி 2019 ஏப்ரல் 10 அன்று வைஸ்லேண்ட் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. அந்த அலைவரிசை பின்னர் வைஸ் டிவி எனப் பெயர் மாறியது. மேடையில் வெற்றி தோல்வி முன்பே முடிவு செய்யப்பட்டது. ஆனால் வீரர்கள் படும் காயம் உண்மையானது என்பதே தொடர் முழுவதும் சொல்லப்படும் செய்தியாகும்.

பின்னணி

ஒலிம்பிக் போட்டிகளில் நடைபெறும் மற்போரும் தொழில்முறை மற்போரும் வேறு வேறானவை. முன்னது விளையாட்டு. பின்னது விளையாட்டும் நாடகமும் கலந்த மேடைக் கலை. இதில் நல்லவராக வருபவரை 'பேபிஃபேஸ்' என்றும் கெட்டவராக வருபவரை 'ஹீல்' என்றும் அழைப்பர். இவர்களுக்கு இடையிலான பகை உண்மையானது என்று பார்வையாளரை நம்ப வைக்கும் தொழில் மரபுக்குக் 'கேஃபேப்' என்று பெயர். மேடைக்கு வெளியிலும் வீரர்கள் இம்மரபைக் காத்தனர். எதிரிகளாக நடிப்பவர்கள் பொது இடங்களில் ஒன்றாகத் தென்படுவதைக் கூடத் தவிர்த்தனர்.

1984 டிசம்பரில் இவையெல்லாம் போலி என்று நேர்காணலில் கூறிய செய்தியாளர் ஜான் ஸ்டோசலை, டேவிட் ஷுல்ட்ஸ் என்ற வீரர் படக்கருவியின் முன்னிலையிலேயே அறைந்தார். தொடரின் இரண்டாம் பருவத்தில் ஒரு பகுதி இந்நிகழ்வைப் பற்றியது. 1989-இல் டபிள்யூ.டபிள்யூ.எஃப் நிறுவனமே நியூ ஜெர்சி மாநில அரசிடம் தொழில்முறை மற்போர் ஒரு பொழுதுபோக்கு என்று ஒப்புக்கொண்டது. விளையாட்டுப் போட்டிகளுக்கான அரசுக் கட்டுப்பாடுகளிலிருந்து விலக்குப் பெறுவதே அதன் நோக்கம்.

படைப்பு முறை

பெரும்பாலும் ஒரு பகுதிக்கு ஒருவரின் வாழ்க்கையோ ஒரு நிகழ்வோ எடுத்துக்கொள்ளப்படுகிறது. குடும்பத்தினர், உடன் ஆடியவர்கள், செய்தியாளர்கள் ஆகியோரின் நேர்காணல்களுடன் பழைய ஒளிப்பதிவுகளும் காட்டப்படுகின்றன. ஒளிப்பதிவு இல்லாத நிகழ்வுகளை நடிகர்களைக் கொண்டு, முகம் தெளிவாகத் தெரியாத நிழற்காட்சிகளாக அமைத்துள்ளனர். முதல் பருவத்துக்கு முன்னாள் வீரர் டச் மாண்டெல் குரல் கொடுத்தார். இரண்டாம் பருவம் முதல் கிறிஸ் ஜெரிக்கோ அப்பணியைச் செய்கிறார்.

குறிப்பிடத்தக்க பகுதிகள்

புரூசர் பிரோடி: 1988 ஜூலை 16 அன்று புவெர்ட்டோ ரிக்கோவின் பயமோன் நகர விளையாட்டரங்கில், வீரர்களின் உடைமாற்றும் பகுதியில் பிரோடி கத்தியால் குத்தப்பட்டு, மறுநாள் இறந்தார். குத்தியவர் சக வீரர் ஹோசே கொன்சாலஸ். தற்காப்புக்காகவே குத்தியதாக அவர் தரப்பு வாதிட்டது. 1989-இல் நடுவர் குழு அவரை விடுவித்தது. நிகழ்விடத்தில் இருந்தவர்களுள் டச் மாண்டெலும் ஒருவர். நீதிமன்ற அழைப்பாணை விசாரணை முடிந்த பின்னரே தமக்குக் கிடைத்தது என்று அவர் கூறியுள்ளார்.

வான் எரிக் குடும்பம்: டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஃபிரிட்ஸ் வான் எரிக்கின் ஆறு மகன்களில் கெவின் ஒருவரே இன்று எஞ்சியுள்ளார். மூத்த மகன் சிறுவனாக இருந்தபோதே விபத்தில் இறந்தார். டேவிட் 1984-இல் ஜப்பானுக்குச் சென்ற இடத்தில் காலமானார். மைக், கிறிஸ், கெர்ரி ஆகிய மூவரும் 1987-க்கும் 1993-க்கும் இடையில் தம் உயிரை மாய்த்துக்கொண்டனர். கெர்ரி 1986-இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் காயமுற்று ஒரு பாதத்தை இழந்தார். அதன் பிறகும் அதை மறைத்துச் செயற்கைப் பாதத்துடன் பல ஆண்டுகள் ஆடினார். பார்வையாளரிடமிருந்து உண்மையை மறைக்கும் பழக்கம், வீரரின் வலியையும் சேர்த்தே மறைத்தது என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

கிறிஸ் பெனாய்ட்: 2007 ஜூனில் இவர் தம் மனைவியையும் ஏழு வயது மகனையும் கொன்று, தாமும் உயிரை மாய்த்துக்கொண்டார். தலையில் பலமுறை அடிபடுவதால் உண்டாகும் சிதைவின் அடையாளங்கள் அவரது மூளையில் இருந்ததைப் பின்னர் மருத்துவர்கள் கண்டறிந்தனர். இரு பகுதிகளாக அமைந்த இந்த ஆவணப்படத்தில் பெனாய்ட்டின் மூத்த மகனும், கொல்லப்பட்ட மனைவியின் சகோதரியும் பேசுகின்றனர். 2010-இல் தலையில் நாற்காலியால் அடிக்கும் காட்சியை டபிள்யூ.டபிள்யூ.ஈ. தடை செய்தது.

ஓவன் ஹார்ட்: 1999 மே 23 அன்று கேன்சஸ் சிட்டி கெம்பர் அரங்கில், கூரையிலிருந்து கயிற்றின் உதவியால் இறங்க வேண்டிய காட்சியில் இணைப்பு விடுபட்டு, சுமார் 78 அடி உயரத்திலிருந்து விழுந்து இறந்தார். அவருக்கு வயது 34. இது நிகழ்ச்சியின் பகுதி அல்ல என்று வர்ணனையாளர் தொலைக்காட்சிப் பார்வையாளர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. அவரைக் கொண்டுசென்ற பின் எஞ்சிய ஆட்டங்கள் தொடர்ந்து நடத்தப்பட்டன. அவருடைய மனைவி மார்த்தா ஹார்ட் தொடுத்த வழக்கு, 2000-ஆம் ஆண்டில் 1.8 கோடி டாலர் இழப்பீட்டுடன் சமரசமாக முடிந்தது. அவர் இத்தொடரில் நேரில் பேசியுள்ளார்.

தொழில் நிலைமை

டபிள்யூ.டபிள்யூ.ஈ. போன்ற நிறுவனங்களில் வீரர்கள் ஊழியர்களாக அல்லாமல் தனி ஒப்பந்தக்காரர்களாகவே கருதப்படுகின்றனர். எனவே பணிக்கொடை, ஓய்வூதியம் போன்ற ஊழியர் நலன்கள் அவர்களுக்கு உரிமையாகக் கிடைப்பதில்லை. ஆண்டு முழுதும் பயணம், வலியை அடக்க மருந்து, ஆடாவிட்டால் வருமானம் குறையும் என்ற அச்சம் ஆகியவை இத்தொடரில் பலரது கதையிலும் திரும்பத் திரும்ப வருகின்றன.

மதிப்பீடு

தொடரில் இடம்பெறும் பலர் இன்று உயிருடன் இல்லை. ஆகவே நண்பர்களின் நினைவும் பகைவர்களின் நினைவும் பல இடங்களில் முரண்படுகின்றன. சான்றாக, பெண் மற்போர் வீராங்கனை ஃபேபுலஸ் மூலா குறித்த பகுதியில் அவர் மீதான குற்றச்சாட்டுகளும், அவற்றை மறுப்போரின் கூற்றுகளும் அருகருகே வைக்கப்பட்டுள்ளன. ஆதலால் இத்தொடரைத் தீர்ப்பாகக் கொள்ளாமல் சாட்சியங்களின் தொகுப்பாகக் கொள்வது பொருத்தமாகும். 'எல்லாம் நடிப்புதானே' என்று ஒதுக்கப்பட்ட ஒரு தொழிலில் உழைத்தவர்களின் துன்பத்தை அவர்களது குடும்பத்தாரின் சொற்களிலேயே பதிவு செய்திருப்பது இதன் முதன்மையான பயன் ஆகும்.