சங்கும் குழாயும்

செஞ்சிக் கோட்டைக்குப் போனவர்கள் கல்யாண மஹாலைப் பார்க்காமல் திரும்புவதில்லை. வெளியே இருந்த நீர்நிலையிலிருந்து மண்குழாய் வழியே அம்மாளிகைக்குத் தண்ணீர் கொண்டுவந்த சாமர்த்தியத்தைக் கேட்டு வியக்காதவர் யார்? ஆனால் அதே ஊரில், பிறந்த சிசுவின் மூக்கிலே மெல்லிய குழாய் ஒன்றைக் கண்டுவிட்டால் நம் நெஞ்சு பதறுகிறது. "சங்கிலே புகட்டினால் குடிக்காதா?" என்று பாட்டிமார் கேட்கிறார்கள்.

பாட்டியின் சங்கு அற்பமான பொருளன்று. பாலாடை என்றும் வழங்கும் அச்சிறு பாத்திரத்தை இன்று இந்தியாவெங்கும் சிசு வைத்திய நிபுணர்கள் கையாளுகிறார்கள். ஆயினும் ஒரு நிபந்தனை உண்டு: குழந்தைக்கு விழுங்கத் தெரிந்திருக்க வேண்டும்.

உறிஞ்சுதல், விழுங்குதல், மூச்சுவிடுதல் ஆகிய மூன்றும் இசைந்து நடப்பது கர்ப்பத்தின் 34-ஆவது வாரத்தை ஒட்டித்தான். 32 வாரம் நிறைந்து பிறந்த சிசுவுக்குப் பெரும்பாலும் பாலாடை உதவும். அதற்கும் முன்னே பிறந்த சிசுவுக்கோ, மூளைக் கோளாற்றினால் விழுங்க இயலாத குழந்தைக்கோ புகட்டிய பால் சுவாசப்பைக்குள் புகுந்துவிடலாம். அமுதே நஞ்சாகும் இடம் அது.

ஆகவேதான் மூக்கு அல்லது வாய் வழியாக இரைப்பை வரை குழாய் செலுத்துகிறார்கள். அது சரியான இடத்தில் இருக்கிறதா என்று ஒவ்வொரு வேளையும் சோதித்த பிறகே, தாயிடமிருந்து எடுத்த பாலைத் தானாக இறங்கவிடுகிறார்கள், அழுத்தித் தள்ளுவதில்லை.

பல மாதங்கள் குழாய் தேவைப்படும் குழந்தைக்கு வயிற்றில் சிறு துவாரமிட்டு நேரே இரைப்பையில் குழாய் பொருத்துவதுண்டு. வயிற்றை அறுத்துத் திறக்காமல், எண்டோஸ்கோப் கருவியின் துணையால் இதை முதன்முதலாகச் செய்தது 1979-ல், அமெரிக்காவின் கிளீவ்லாண்டு நகரில். அந்த நோயாளி நாலரை மாதக் குழந்தை!

குழாய் தாயைப் பிள்ளையிடமிருந்து பிரிப்பதாக எண்ண வேண்டாம். குழாயில் பால் இறங்கும்போதே, பாலை எடுத்துவிட்ட மார்பில் குழந்தையைச் சப்பவிடும் வழக்கம் உண்டு. அப்படிப் பழகிய குறைமாதக் குழந்தைகள் பலவும் நாளடைவில் குழாயை விட்டுச் சங்குக்கும், சங்கை விட்டுத் தாய்மடிக்கும் வந்து சேருகின்றன.

பால் குடிக்கையில் குழந்தை இருமினால், நீலம் பாய்ந்தால், மூச்சுத் திணறினால் உடனே புகட்டுவதை நிறுத்தி டாக்டரிடம் கொண்டுபோங்கள். செஞ்சிவாசிகளுக்கு முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. பாட்டியின் சங்கு வீட்டில் காத்திருக்கட்டும். அதற்கும் வேளை வரும்.