கவலையும் துயரமும் நீங்க வேண்டும் துஆ: எண்சொல் அமைப்பும் தமிழாக்கமும்

திறவுச்சொற்கள்: துஆ, நபிமொழி, ஹம்மு, ஹஸன், கடன், தமிழாக்கம்

முன்னுரை

அடியான் தன் தேவையை இறைவனிடம் நேரடியாக முன்வைத்து வேண்டுவதை இசுலாமிய மரபு துஆ என வழங்கும். ஐவேளைத் தொழுகைக்கு நேரமும் முறையும் வரையறுக்கப்பட்டுள்ளன. துஆவிற்கு அத்தகைய கட்டு இல்லை. எனினும் நபிகள் நாயகம் வேண்டியனவாக நபிமொழித் தொகுப்புகளில் பதிவான சொற்களுக்குத் தனி மதிப்பு உண்டு. அவற்றுள் கவலையிலிருந்தும் துயரத்திலிருந்தும் பாதுகாவல் தேடும் துஆ பரவலாக ஓதப்படுவது. அதன் முதலிரு சொற்களை மட்டும் கருதி, மனச்சோர்வுக்குரிய வேண்டுதல் என்று அதனைச் சுருக்கிவிடுவதுண்டு. எட்டுச் சொற்களையும் ஒருசேர நோக்கும்போது வேறொரு பொருள் புலப்படுகிறது.

இரு பதிவுகள்

இந்தத் துஆவின் உறுதியான பதிவு புகாரியின் (இறப்பு கி.பி. 870) தொகுப்பில் உள்ளது. ஹிஜ்ரி 7ஆம் ஆண்டில் (கி.பி. 628) நிகழ்ந்த கைபர் பயணத்தின்போது பணிவிடை செய்யச் சென்ற அனஸ் இப்னு மாலிக், அப்போது பருவமெய்தும் வயதை நெருங்கிய சிறுவர். வழியில் தங்கும் இடங்களில் நபிகள் நாயகம் இதனை அடிக்கடி கூறக் கேட்டதாக அவர் அறிவிக்கிறார். அமைதியான வழிபாட்டுச் சூழலில் அன்றிப் போருக்குச் செல்லும் வழியில் கேட்கப்பட்ட வேண்டுதல் இது என்பது நோக்கத்தக்கது.

அபூதாவூதின் (இறப்பு கி.பி. 889) தொகுப்பு மற்றொரு நிகழ்வைத் தருகிறது. தொழுகை நேரம் அல்லாத வேளையில் பள்ளிவாசலில் தனித்து அமர்ந்திருந்த அபூ உமாமா என்னும் அன்சாரித் தோழரிடம் காரணம் வினவப்பட, கவலைகளும் கடன்களும் தம்மைப் பற்றிக்கொண்டதாக அவர் கூறினார். காலையிலும் மாலையிலும் ஓதுமாறு இத்துஆ அவருக்குக் கற்பிக்கப்பட்டது. சொற்பொழிவுகளில் மிகுதியாக எடுத்தாளப்படுவது இந்நிகழ்வே. ஆயினும் அதன் அறிவிப்பாளர் வரிசையில் ஒருவர் வலுவற்றவர் எனக் கருதப்படுவதால் நபிமொழித் திறனாய்வாளர் இதனைப் புகாரியின் பதிவுக்கு இணையாகக் கொள்வதில்லை. துஆவின் சொற்கள் அனஸ் வழியாக உறுதிப்படுகின்றன; அபூ உமாமாவின் கதைக்கு அவ்வுறுதி இல்லை. இவ்வேறுபாட்டை ஆய்வாளர் மறத்தல் கூடாது.

நான்கு இணைகள்

எட்டுச் சொற்களும் இரண்டிரண்டாக இணைந்து நிற்கின்றன. இவ்விணைகளின் உள்ளுறவைத் தெளிவாக விளக்கியவர் தமாஸ்கசைச் சேர்ந்த இப்னுல் கையிம் (1292–1350). இதயத்தைத் தாக்கும் வேண்டாத ஒன்று இறந்தகாலத்தைச் சார்ந்ததாயின் ஹஸன். வருங்காலத்தைச் சார்ந்ததாயின் ஹம்மு என்பது அவர் கருத்து. ஹம்மு என்னும் சொல்லின் வேரிலிருந்தே எண்ணுதல், நாடுதல் ஆகிய பொருளுடைய சொற்களும் பிறக்கின்றன. ஆதலின் வருவதை நோக்கிய மனத்தின் அலைவை அது குறிப்பது இயல்பே. தமிழில் ஹம்மு ‘கவலை’ எனவும், ஹஸன் ‘துக்கம்’ அல்லது ‘துயரம்’ எனவும் பெயர்க்கப்படுகின்றன. ‘துக்கம்’ சாவு வீட்டோடு நெருங்கிய சொல்லாதலின், இழந்தவை அனைத்தையும் தழுவும் ஹஸனுக்குத் ‘துயரம்’ என்பதே பொருந்தும்.

இரண்டாம் இணை அஜ்ஸு, கஸல் என்பன. செய்ய விரும்பியும் ஆற்றல் இல்லாமை முன்னது. ஆற்றல் இருந்தும் மனம் இல்லாமை பின்னது. மூன்றாம் இணையில் பொருளால் உதவ மறுக்கும் கஞ்சத்தனமும், உடலால் துணைநிற்க மறுக்கும் கோழைத்தனமும் வருகின்றன. இவ்விரண்டின் வரிசை அறிவிப்புகளிடையே மாறி வரும், பொருள் மாறுவதில்லை.

நான்காம் இணையே கூர்ந்து நோக்கற்குரியது. அதுவரை மனத்திற்குள் நின்ற வேண்டுதல் இங்கு வெளியுலகிற்கு வருகிறது: கடனின் பாரம், மனிதர்களின் ஆதிக்கம். இவ்விரண்டும் ஒருவர் பிறருக்கு அடங்கிப்போகும் நிலைகள். முன்னதில் அடக்குபவருக்கு உரிமை உண்டு, பின்னதில் இல்லை என இப்னுல் கையிம் வேறுபடுத்துவார். கடனைக் குறித்த தொடரில் வரும் ‘ளலஉ’ என்னும் சொல் அடிப்படையில் வளைவைச் சுட்டும் என்று புகாரியின் உரையாசிரியர் இப்னு ஹஜர் அல்அஸ்கலானீ (1372–1449) கூறுகிறார். நேராக நிற்கவிடாது மனிதனை வளைக்கும் சுமை என்பது கருத்து. ‘கடன் சுமை’ என்னும் தமிழ்த்தொடரில் பாரம் உண்டு, அவ்வளைவு இல்லை.

கடன் குறித்த இவ்வச்சம் வேறோர் அறிவிப்பாலும் விளக்கம் பெறுகிறது. தொழுகையினுள் நபிகள் நாயகம் கடனிலிருந்து மிகுதியாகப் பாதுகாவல் தேடுவதன் காரணம் வினவப்பட்டபோது, கடன்பட்டவர் பேசினால் பொய் கூறவும் வாக்களித்தால் மாறவும் நேர்கிறது என்று விடை பகர்ந்ததாக ஆயிஷா அறிவிக்கிறார். வறுமை ஒழுக்கத்தையே வளைத்துவிடும் என்னும் அறிதல் இதில் உள்ளது. எனவே கவலையுற்றவரை நம்பிக்கை குறைந்தவர் என்று பழிப்பதற்கு இத்துஆ இடந்தருவதில்லை. அதனை ஓதியவர் நபியே; கவலையோடு அவர் சேர்த்தெண்ணியவை கடனும் அடக்குமுறையும் ஆகும்.

‘ரபீஉ’ என்னும் உருவகம்

கவலை, துயரம் என்னும் இவ்விணை அஹ்மத் இப்னு ஹன்பலின் (780–855) முஸ்னதில் இப்னு மஸ்ஊத் வழி வரும் மற்றொரு துஆவிலும் இடம்பெறுகிறது. அது பாதுகாவல் தேடுவதோடு அமையாமல், குர்ஆனைத் தன் இதயத்தின் ‘ரபீஉ’ ஆக்குமாறு வேண்டுகிறது. தமிழாக்கங்கள் இச்சொல்லை ‘வசந்தம்’ என்கின்றன. அகராதிப்படி இது பிழையன்று. எனினும் தமிழில் வசந்தம் தென்றலும் மலரும் கூடிய இன்பப் பொழுது. ரபீஉ என்பதற்கு நிலத்தை உயிர்ப்பிக்கும் மழை என்றே இப்னுல் கையிம் பொருள் கொள்கிறார். வறண்ட மண்ணில் வீழ்ந்து பசுமையை எழுப்பும் அம்மழைக்குத் தமிழ்ப் பெரும்பொழுதுகளுள் இளவேனிலைவிடக் காரே நெருக்கமானது. முல்லைத்திணையில் பிரிந்தவர் மீளும் பருவமாகவும், காத்திருப்போரின் துயர் தீரும் பருவமாகவும் கார் அமைந்திருத்தலை அறிந்த தமிழ் வாசகருக்கு, ‘இதயத்தின் கார்மழை’ என்னும் பெயர்ப்பு அவ்வேண்டுதலின் தாகத்தையும் சேர்த்தே உணர்த்தும்.